கூரை போன தீவுக்கு எந்த உதவி, யாருடைய பணம்?

2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கரீபியன் கடலில் கரியக்கூ என்ற சின்னத் தீவை நான்காம் வகை வேகத்தில் (உச்சமான ஐந்தாம் வகைக்கு ஒரு படி கீழ்) கடந்து போனது. கிரெனடா நாட்டைச் சேர்ந்த தீவு அது. பக்கத்தில் அதைவிடச் சிறியதாகப் பெட்டி மார்ட்டினிக். இரண்டையும் சேர்த்தாலே மக்கள்தொகை பத்தாயிரத்துக்குள்தான். அங்கே 98 சதவீதக் கட்டடங்கள் சேதமடைந்தன அல்லது அடியோடு போயின என்று பிரதமர் டிக்கன் மிட்செல் சொன்னார். கரியக்கூவின் ஒரே மருத்துவமனையான பிரின்சஸ் ராயலும் தப்பவில்லை. கிரெனடா முழுவதற்கும் நேரடிச் சேதம் சுமார் 21.8 கோடி டாலர், அதாவது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 16.5 சதவீதம் என்று உலக வங்கி கணக்கிட்டது.

இப்படி அடிபட்ட நாட்டுக்கு உதவி வராமல் இருப்பதில்லை. பல உருவத்தில், பல கைகளிலிருந்து வரும். காப்பீட்டுத் தொகை, கடன் தவணைக்கு அவகாசம், உலக வங்கியின் சலுகைக் கடன், மருத்துவமனை கட்டித் தருகிறோம் என்று சொல்லும் நட்பு நாடு, தகரம் ஏற்றிய கப்பல், வீடு கட்டித் தர இடம் கேட்கும் தொண்டு நிறுவனம். கஷ்டத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடத்தான் பார்ப்பார். ஆனால் ஒவ்வொன்றும் நிலம் கேட்கும், கோப்பு கேட்கும், சுங்கத்தில் ஆள் கேட்கும், சில வருடம் கழித்துப் பராமரிப்புக்குப் பணம் கேட்கும். சின்ன நாட்டு அரசிடம் இருக்கும் பொறியாளர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் எதை முதலில் ஏற்பது, எதை வீட்டுக்கு வைப்பது, எதைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வைப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இருபது வருட இடைவெளியில் கிரெனடா இந்தக் கேள்வியை இரண்டு முறை எதிர்கொண்டிருக்கிறது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கான உதவி வீட்டுக்காரர் கைக்குப் போக வேண்டும், பணமாகவும் பொருளாகவும், பொறியாளரின் மேற்பார்வையோடு. பொதுக் கட்டடத்தை நட்பு நாடு கட்டித் தரட்டும். ஆனால் வரைபடமும் பராமரிப்புக் கணக்கும் தீவின் கையில் இருந்தால் மட்டும். கடனைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

கேட்காமலே வரும் பணம்

பெரில் கடந்த இரண்டே வாரத்தில் கிரெனடாவுக்கு ஒரு பெரிய தொகை வந்துவிட்டது. சுமார் 4.4 கோடி டாலர். கொடுத்தது கரீபியன் நாடுகள் கூட்டாக நடத்தும் பேரிடர்க் காப்பீட்டு நிதியம். அதுவரை அந்த நிதியம் ஒரே நிகழ்வுக்கு ஒரு நாட்டுக்குக் கொடுத்ததில் இதுதான் பெரியது. உலக வங்கி சொன்ன நேரடிச் சேதத்தோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இந்த நிதியம் பிறந்ததே கிரெனடாவின் பழைய அடியிலிருந்துதான். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் சூறாவளி அங்கே கரையேறியது. 1955-ல் ஜேனட் சூறாவளிக்குப் பிறகு பெரிய அடி எதுவும் விழாததால், சூறாவளி நம் பக்கம் வராது என்றே ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. 39 பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்பது வீடுகள் சேதம். மொத்த இழப்பு நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்கு. அன்றைய பிரதமர் கீத் மிட்செலின் வீடே போய், அவர் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து வேலை பார்க்க நேர்ந்தது. அப்போது கையில் உடனடியாகச் செலவழிக்கப் பணம் இல்லை. உதவி அறிவிப்புகள் வந்தன. பணம் வர மாதங்கள் ஆயின. அந்த அனுபவத்துக்குப் பிறகு கரீபியன் நாடுகள் உலக வங்கியிடம் போய்க் கேட்டு, 2007-ல் இந்தக் கூட்டுக் காப்பீட்டைத் தொடங்கின. தொடக்க முதலுக்குக் கனடா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட பலர் பணம் போட்டார்கள்.

சேதத்தை மதிப்பிட யாரும் வீடு வீடாக வர மாட்டார்கள். காற்றின் வேகம், புயல் போன பாதை, அந்தப் பாதையில் இருக்கும் சொத்து என்று கணினி போடும் கணக்கு ஒரு எல்லையைத் தாண்டினால் பணம் வந்துவிடும். அதனால்தான் இரண்டு வாரத்தில் முடிகிறது. கெட்டதும் அதிலேயே இருக்கிறது. ஜமைக்காவிடம் இதே தத்துவத்தில் 15 கோடி டாலருக்குப் பேரிடர்ப் பத்திரம் ஒன்று இருந்தது. 2024-ல் பெரில் அதன் தென்கரையை அடித்துப் போனபோது, புயலின் காற்றழுத்தம் பத்திரத்தில் குறித்த அளவுக்கு இறங்கவில்லை என்பதால் ஒரு காசு வரவில்லை. 2025 அக்டோபரில் மெலிஸ்ஸா வந்தபோது முழுத் தொகையும் வந்தது. வீடு இழந்தவருக்கு இரண்டும் ஒரே இழப்புதான். ஆகவே இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனாலும் நிபந்தனை இல்லாத, யாரிடமும் போய் நிற்க வேண்டாத முதல் பணம் இது. உதவ நினைக்கும் பணக்கார நாட்டுக்கு நான் சொல்வது இதுதான்: புயல் வருமுன் இந்தத் தீவுகளின் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டுங்கள். புயலுக்குப் பின் அறிவிக்கும் பெரிய தொகையைவிட அது பயன்படும்.

இதோடு சேர்ந்ததுதான் கடன் அவகாசம். 2015-ல் கிரெனடா தன் பழைய கடன்களை மறுசீரமைத்தபோது, பெரிய சூறாவளி அடித்தால் தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு விதியை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. பெரிலுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அந்த விதியைப் பயன்படுத்தியது. பத்திரம் வாங்கிய தனியார் முதலீட்டாளர்களிடம் இப்படிச் செய்த முதல் நாடு கிரெனடாதான். இது தள்ளுபடி அல்ல, பின்னால் கட்டத்தான் வேண்டும். ஆனால் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போக வேண்டிய பணம் அந்த ஒரு வருடம் கரியக்கூவின் முக்கிய ஊரான ஹில்ஸ்பரோவில் தங்குகிறது. கையில் இருக்கும் பணத்தைத் தங்கவைப்பதற்கு எந்தத் தூதரகத்தின் அனுமதியும் வேண்டாம்.

நட்பு நாடு கட்டித் தரும் கட்டடம்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் கிரெனடாவின் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் இருக்கும் மைதானம் தெரிந்திருக்கும். 2007 உலகக் கோப்பையின் சூப்பர் எட்டு ஆட்டங்கள் அங்கே நடந்தன. அந்த மைதானத்தின் கதையில் வெளிநாட்டு உதவியின் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

பழைய மைதானம் தைவான் கொடுத்த பணத்தில் கட்டியது. ஐவன் அதைச் சிதைத்துப் போட்டது. உலகக் கோப்பைக்கு இரண்டரை வருடம்தான் மீதி. 2005 ஜனவரியில் கிரெனடா தைவானை விட்டுவிட்டு பெய்ஜிங்கோடு உறவு வைத்துக்கொண்டது. சீனா நூற்றுக்கணக்கில் தன் தொழிலாளர்களை அனுப்பி, சுமார் 4 கோடி டாலர் செலவில் மைதானத்தைக் கட்டி, 2007 பிப்ரவரியில் கையளித்தது. திறப்பு விழாவில் சீனத் தூதரும் மற்ற விருந்தினர்களும் நிற்கும்போது காவல்துறை இசைக்குழு தவறுதலாகத் தைவானின் தேசிய கீதத்தை வாசித்துவிட்டது. உலகம் முழுவதும் அதைச் செய்தியாக்கினார்கள். எனக்கு அதில் சங்கடமாகப் படுவது வேறு. ஒரு சின்ன நாடு யாருடைய கொடியின் கீழ் நிற்பது என்ற முடிவை, புயல் அடித்து நாலே மாதத்தில், கூரையில்லாத தலைநகரில் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருந்தது.

இதற்காக இந்த வகை உதவியை ஒதுக்கிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தால் வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதே தலைநகரில் யார்க் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருந்தது. இருநூறு ஆண்டுப் பழமை கொண்டது. நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் அங்கேதான் இயங்கின. ஐவன் அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மைதானம் இரண்டரை வருடத்தில் எழுந்தது. நாடாளுமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் 2018-ல்தான் கிடைத்தது, ஐக்கிய அரபு அமீரகமும் ஆஸ்திரேலியாவும் கொடுத்த மானியத்தில். நடுவில் பதினான்கு வருடம் உறுப்பினர்கள் வேறு இடங்களில் கூடினார்கள். யார்க் ஹவுஸ் மேலே வானம் தெரிய நின்றது. உலகக் கோப்பை என்ற தேதி மைதானத்தை இழுத்துக்கொண்டு போனது. நாடாளுமன்றத்துக்கு அப்படி ஒரு தேதி இல்லை. கொடுப்பவருக்குக் கண்ணில் படும் கட்டடம் முதலில் எழும் என்பதையும் இதில் பார்க்கலாம்.

அப்படியானால் பிரின்சஸ் ராயல் மாதிரி ஒரு மருத்துவமனைக்கு இந்த வழி ஏற்றதா? ஏற்றது என்றே நினைக்கிறேன், மூன்று விஷயங்களை முதலிலேயே பேசிவிட்டால். வரைபடம் தீவின் காற்று வேகக் கணக்குப்படி இருக்க வேண்டும், கொடுக்கும் நாட்டின் வழக்கப்படி அல்ல. லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசி எதுவானாலும் உதிரி பாகம் பக்கத்திலேயே கிடைக்கிற வகையாக இருக்க வேண்டும். அவற்றின் கையேடும் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அப்புறம் வேலையாட்கள். கட்டும் நாடு தன் ஆட்களையே கொண்டுவந்து முடித்துவிட்டுக் கிளம்பினால், அடுத்த வருடம் ஒரு குழாய் ஒழுகும்போது அது எந்தச் சுவருக்குள் போகிறது என்று சொல்ல ஊரில் ஆள் இருக்காது. வேலையாட்களில் ஒரு பங்கு உள்ளூராராக இருக்க வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

கடன்

உலக வங்கியும் கரீபியன் வளர்ச்சி வங்கியும் தரும் கடன் மோசமான கடன் அல்ல. வட்டி குறைவு, தவணை நீளம், கணக்கு வழக்கு சுத்தம். மரியா சூறாவளி 2017 செப்டம்பர் 18 அன்று இன்னொரு சின்னக் கரீபியன் தீவு நாடான டொமினிக்காவை அழித்த பிறகு, அந்த நாட்டின் வீட்டு மீட்புக்காக 2018-ல் உலக வங்கி 4 கோடி டாலர் ஒதுக்கியது. 1,700 குடும்பங்கள் இலக்கு. கட்டட விதிகளை ஒழுங்காகப் பின்பற்ற வைப்பதில் இந்த வங்கிகளைப் போல வேறு யாரும் கண்டிப்பாக இருப்பதில்லை. அது பெரிய நன்மை. ஆனால் நடைமுறை நீளம். டெண்டர், ஒப்புதல், சுற்றுச்சூழல் அறிக்கை என்று ஒவ்வொரு படியும் தாண்டுவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். வீடு இழந்தவர் அதுவரை தார்ப்பாய்க்கு அடியில் இருப்பார்.

கிரெனடாவைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய தடை திருப்பிக் கட்டும் சக்தி. ஐவன் வருமுன் உலகில் சாதிக்காய் விற்பதில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் கிரெனடாவுக்கு. நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. புயல் அந்த மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: சாதிக்காய் மரம் புதிதாக நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். வீட்டுக்கடன் தவணையைக் கட்டுவதே அந்தக் காயை நம்பித்தான். வீடும் போய், வருமானமும் போன குடும்பத்துக்குக் கடன் கொடுத்து வீடு கட்டச் சொல்வதை உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அரசின் நிலையும் அதுவே. ஐவனுக்குப் பிறகு கடன் சுமை ஓராண்டு உற்பத்தியைத் தாண்டியது. 2005-ல் ஒரு முறை மறுசீரமைத்தார்கள். 2013-ல் மறுபடியும் கட்ட முடியாமல் நின்றார்கள். தைவானோடு உறவு முறிந்த பிறகு என்ன ஆனது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1990-க்கும் 2000-க்கும் இடையில் தைவானின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த நான்கு கடன்கள், மொத்தம் 2.8 கோடி டாலர். நட்பு இருந்தவரை அது வளர்ச்சி உதவி. நட்பு முறிந்ததும் வங்கி நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கியது. பிறகு கிரெனடாவுக்கு விமான நிறுவனங்களும் பயணக் கப்பல் நிறுவனங்களும் கட்ட வேண்டிய கட்டணத்தையே பிடித்துக்கொள்ளப் பார்த்தது. 2012-ல் நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது வேறு. மானியமாக வந்திருந்தால் இந்த வழக்கு இருந்திருக்காது. நாடுகளுக்கு நடுவே கடன் கொடுப்பவர் இன்றைக்கு நண்பராக இருக்கிறார் என்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது; நண்பராக இல்லாத நாளில் இந்தத் தாள் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

மானியத்திலும் நிச்சயம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐவனுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஆண்டு புயலடித்த கரீபியன் நாடுகளுக்காக 10 கோடி டாலர் ஒதுக்கியது. கிரெனடாவில் அதைச் செலவழித்த, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டே 2025 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. இன்னொரு புயலுக்கு அந்தக் கதவைத் தட்ட முடியாது.

வீடு: இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும்

பொதுக் கட்டடம் பத்து இருபது. வீடுகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சேதம். டொமினிக்காவில் மரியாவுக்குப் பிறகு ஐநா வளர்ச்சித் திட்டமும் அரசும் சேர்ந்து சுமார் 29,000 கட்டடங்களைக் கையில் டேப்லெட்டோடு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, சேத அளவுக்கு ஏற்ப நிறம் குறித்தார்கள். வெறும் கூரைத் தகடு நாலு போனதிலிருந்து, அடித்தளம் மட்டும் மிஞ்சியது வரை எல்லாமே அதில் இருந்தது. இப்படிப்பட்ட வேறுபாட்டுக்கு ஒரே மாதிரி உதவி செய்தால் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

சும்மா பார்த்தால் எளிதாகத் தெரிவது பொருளாகக் கொடுப்பது. 2017-ல் சீனா ஐநா வழியாக டொமினிக்காவுக்கும் ஆன்டிகுவா–பார்புடாவுக்கும் கூரைப் பொருட்களைக் கொடுத்தது. இந்தியாவும் ஐநாவோடு சேர்ந்து நடத்தும் நிதியிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் தலா 10 லட்சம் டாலர் கொடுத்தது. தீவில் இருக்கும் ஒன்றிரண்டு ஹார்டுவேர் கடைகளில் சரக்குத் தீர்ந்து, விலை ஏறிக் கிடக்கும்போது தகரம் வந்து இறங்குவது பெரிய நிம்மதி.

ஆனால் காற்றுக்குத் தகரம் மட்டும் பதில் சொல்லாது. சூறாவளியில் கூரை போவது மேலிருந்து அழுத்துவதால் அல்ல. காற்று சரிவின் மேல் ஏறி ஓடும்போது கூரையை மேலே உறிஞ்சுகிறது. கதவோ ஜன்னலோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. முதலில் போவது ஓரமும் மூலையும். சாதாரண ஆணி அடித்திருந்தால் மரத்திலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அகல வாஷர் போட்ட ஸ்க்ரூ வேண்டும், ஓரங்களில் நெருக்கமாக. ஸ்க்ரூ பிடித்துவிட்டால் அடுத்துத் தகடே கிழியும். அதனால் 26 கேஜ் தகட்டைவிடக் கனமான 24 கேஜ் நல்லது. தகடும் தாங்கினால் ரீப்பர் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கைமரத்திலிருந்து (கூரையின் சாய்வுச் சட்டம்) பிரியும். கைமரம் தாங்கினால் அது உட்கார்ந்திருக்கும் சுவர் மேல் சட்டத்திலிருந்து பிரியும். அந்த இடத்தில் வளைத்துக் கட்டும் இரும்புப் பட்டை ஒன்று வேண்டும். விலை அற்பம், கூரை நிற்பதும் போவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இருபுறம் மட்டும் சரியும் கூரையைவிட நாலு புறமும் சரியும் கூரை காற்றைத் தாங்கும். தாழ்வாரக் கூரையைத் தனியாகக் கட்டினால், அது பிய்ந்தாலும் வீட்டுக் கூரையைக் கூட இழுத்துக்கொண்டு போகாது.

இதில் எந்த இடத்தில் ஒரு இணைப்பு பலவீனமோ அந்த இடத்தில் கூரை பிரியும். கப்பலில் தகரம் மட்டும் அனுப்பினால் மீதியெல்லாம் பழைய ஆணியாலும் நனைந்த மரத்தாலும் ஒப்பேற்றப்படும். அடுத்த புயலில் அந்தத் தகரமே பறக்கும் கத்தியாகிவிடும். ஆகவே பொருளாகக் கொடுப்பதென்றால் ஒரு வீட்டுக் கூரைக்கான முழுத் தொகுப்பாகக் கொடுக்க வேண்டும்: தகடு, ஸ்க்ரூ, பட்டை, கைமரம், ரீப்பர், எப்படி மாட்டுவது என்று படம் போட்ட ஒரு தாள்.

அடுத்தது தொண்டு நிறுவனமோ நட்பு நாடோ காண்டிராக்டர் வைத்து வீடுகளை வரிசையாகக் கட்டிச் சாவி கொடுப்பது. திறப்பு விழாப் படத்துக்கு இதைப் போல வராது. வீடில்லாதவருக்கு அலைச்சல் குறைவு. ஆனால் வரிசையாகக் கட்ட வெற்று நிலம் வேண்டும், அது பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். 1998-ல் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவில் வீடிழந்தவர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கங்கள் நகருக்கு வெளியே அமராத்தேகா பள்ளத்தாக்கில் சியூதாத் எஸ்பான்யா என்ற புதிய ஊரையே எழுப்பின. வீடுகள் உறுதியானவை, மக்களும் உழைப்பைக் கொடுத்துக் கட்டினார்கள். ஆனால் பழைய வேலையும் வியாபாரமும் நகரத்தில் இருந்தன. ஆற்றங்கரையில் மறுபடி குடியேற முடியாத தெகுசிகல்பாவுக்கு வேறு வழி இல்லை. கரியக்கூவுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அங்கே காற்றுதான் எதிரி, மனை அப்படியே இருக்கிறது. இருந்த இடத்திலேயே கட்டலாம்.

மூன்றாவது வழி, வீட்டுக்காரர் கணக்கில் தவணையாகப் பணம் போட்டு அவரையே கட்டவிடுவது. தமிழர்களுக்கு இது தெரிந்த கதை. போருக்குப் பின் இலங்கையின் வடக்கு கிழக்கில் இந்தியா வீட்டுத்திட்டம் தொடங்கியபோது, முதல் 1,000 வீடுகளைக் காண்டிராக்டர் மூலம் கட்டினார்கள். 2012-லிருந்து முறையை மாற்றி, ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் வீதம் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே நான்கு கட்டமாகப் போட்டார்கள். அடித்தளம் முடிந்ததைப் பார்த்த பிறகு அடுத்த தவணை, சுவர் எழுந்த பிறகு அதற்கடுத்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அப்படி எழுந்தன. சமையலறை எந்தப் பக்கம் வர வேண்டும், சாமி அறைக்கு இடம் உண்டா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்தது. குறையும் இருந்தது. மணலும் சிமெண்டும் விலை ஏற ஏறத் தவணை போதாமல் போனது. கொஞ்சம் பெரிதாகக் கட்டுவோம் என்று ஆசைப்பட்டுக் கடனில் விழுந்தவர்கள் உண்டு. ஆண் துணை இல்லாத வீடுகளில் கொத்தனார் பின்னால் அலைவதே பெரும்பாடாக இருந்தது.

அது போரில் இடிந்த வீடு, இது காற்றில் போன வீடு. ஆனாலும் பணம் கைக்குப் போகும் விதத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கரியக்கூவில் இந்த முறைக்கு இன்னொரு பலமும் உண்டு. அந்தத் தீவின் வின்ட்வர்ட் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக மரப்படகு கட்டுகிறார்கள். 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. கடலில் காற்றைத் தாங்கும் மர இணைப்பைக் கையால் செய்பவர்கள் இருக்கும் ஊரில், கூரைச் சட்டம் கோக்கக் கப்பலில் தச்சர்களைக் கொண்டுவருவது வருத்தமான காரியம். அவர்களை வைத்தே இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சிறு மானியம் போதும்.

ஒரு சிக்கலை மட்டும் கண்டிப்பாக முன்கூட்டித் தீர்க்க வேண்டும். கரீபியன் தீவுகளில் குடும்ப நிலம் என்று ஒரு வழக்கம் உண்டு. பாட்டனார் வாங்கியது, பிரிக்காமலே பேரன் பேத்தி வரை அனுபவிப்பது. பத்திரம் யார் பேரிலும் சரியாக இருக்காது, பாதிப் பேர் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பார்கள். பணம் தருபவர் பட்டா காட்டு என்றால் மிகவும் ஏழையாக இருப்பவர்தான் முதலில் வெளியே நிற்பார். அதே கரீபியனில் பார்புடா தீவில் நிலம் முழுவதும் ஊருக்குப் பொது என்பது அடிமைமுறை ஒழிந்த காலத்திலிருந்து வந்த வழக்கம். 2007-ல் அதைச் சட்டமாகவும் எழுதினார்கள். 2017-ல் இர்மா சூறாவளியில் தீவையே காலி செய்த நேரத்தில், தனிப்பட்டா முறையை அரசு முன்வைத்தது. ஊரில் ஆளே இல்லாதபோது நிலச் சட்டத்தை மாற்றுவதை மக்கள் எதிர்த்தார்கள், வழக்கு அந்த நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. என் கருத்து தெளிவானது: உதவிக்கு நிலப்பத்திரம் நிபந்தனையாக இருக்கக் கூடாது. அண்டை வீட்டார் இருவர் சாட்சியும், பழைய மின் கட்டண ரசீதும், ஊர்ச் சர்ச்சின் பதிவும் போதும்.

கரியக்கூவுக்கு என்றால் நான் பிரிக்கும் விதம்

காப்பீட்டுப் பணமும் தள்ளிவைத்த தவணையும் முதல் ஆறு மாதத்துக்கு. குப்பை அகற்றல், தார்ப்பாய், பள்ளிக்குத் தற்காலிகக் கொட்டகை, நிறம் குறிக்கும் கணக்கெடுப்பு, பயிற்சி. இதற்கு வெளியாரை எதிர்பார்க்கக் கூடாது.

வெளிநாட்டு மானியத்தில் பெரிய பங்கு வீட்டுக்கு. வீட்டுக்காரர் கைக்கே, பாதி கூரைத் தொகுப்பாக, பாதி பணமாக, மூன்று தவணையில். வெறும் பணமாகக் கொடுத்தால் தீவில் விலை ஏறும்; வெறும் பொருளாகக் கொடுத்தால் தச்சருக்குக் கூலி இருக்காது. இரும்புப் பட்டை கட்டியதைப் பரிசோதகர் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கடைசித் தவணை. எந்த மானியமானாலும் இந்தப் பரிசோதகரின் சம்பளத்தை அதிலேயே சேர்த்துக் கேட்பேன். கொடுப்பவர்கள் கட்டடத்துக்குப் பணம் தருவார்கள், பார்வையிடுபவருக்குத் தரத் தயங்குவார்கள். டொமினிக்கா 2018-ல் புயலுக்குப் பிந்தைய வேலைகளை ஒருங்கிணைக்கவென்றே தனிச் சட்டத்தில் ஒரு மீள்கட்டமைப்பு முகமையை உண்டாக்கி, கனடாவையும் பிரிட்டனையும் அதற்கு உதவ வைத்தது. ஏழெட்டு நாடுகளின் உதவியை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும்.

மருத்துவமனை, பள்ளி, புயல் முகாம் ஆகியவற்றை நட்பு நாடுகளிடம் விடலாம், முன்பு சொன்ன மூன்று விஷயங்களோடு. எதற்குக் கடன்? சாலை, துறைமுகம், மின்கம்பி போன்றவற்றுக்கு மட்டும். அவை வருமானத்தைத் திரும்பக் கொண்டுவரும்.

இந்த ஏற்பாட்டில் விட்டுப்போகிறவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். வீட்டுக்காரரை நடுவில் வைக்கும் எந்தத் திட்டத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் கூரை போடவும் அவருக்கு அவசரம் இருக்காது. வரிசையாகக் கட்டிச் சாவி கொடுக்கும் அந்தப் பழைய முறையை நான் இவர்களுக்காகத்தான் வைத்துக்கொள்வேன். ஹில்ஸ்பரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் அரசு நிலத்தில், மானியத்தில் மட்டும், ஐம்பது அறுபது வீடுகள். வாடகை குறைவாக, சொந்தம் அரசுடையதாக. வீடு கட்டித் தருகிறோம் என்று அடுத்து வரும் நாட்டிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.